சீட்டு ஒருவர் கையில், பரிசு யாருக்கு? இடைத்தரகர் வழி லாட்டரி எழுப்பும் சட்டக் கேள்விகள்

மும்பை: மாட்டுங்கா கிழக்கில் வசிக்கும் ஒருவர், கேரளத்தில் உள்ள ஒரு விற்பனையாளருக்குக் கைப்பேசிச் செயலி வழியே 500 ரூபாய் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில நிமிடங்களில் ஓணம் பம்பர் சீட்டு ஒன்றின் படம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்கிறது. சீட்டு விற்பனையாளரிடமே இருக்கிறது. குலுக்கலில் அந்த எண்ணுக்கு முதல் பரிசான 25 கோடி ரூபாய் விழுந்துவிடுகிறது. அந்தப் பணம் யாருடையது? 500 ரூபாய் கொடுத்தவருடையதா, சீட்டைக் கையில் வைத்திருப்பவருடையதா?

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் எளிய விடை இல்லை. பணம் கொடுப்பவருக்கும் சீட்டுக்கும் இடையில் மூன்றாமவர் ஒருவர் வந்து நின்றதால் எழுந்த வழக்குகளும் தகராறுகளும் அமெரிக்கா முதல் கேரளம் வரை அண்மை ஆண்டுகளில் பேசுபொருளாகியுள்ளன. இவற்றில் மும்பைவாசிகள் கவனிக்க வேண்டிய தனிச் செய்தி ஒன்றும் உண்டு. நாட்டின் பிற பகுதிகளில் பணம் கொடுத்தவருக்குக் கிடைக்கக்கூடிய உரிமையியல் பாதுகாப்பை, 1865ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டம் ஒன்று இந்த மாநகரில் மேலும் குறைத்துவிடுகிறது.

டெக்சாஸில் நடந்தது என்ன?

அமெரிக்காவில் ‘லாட்டரி கூரியர்’ என்று அழைக்கப்படுபவை, பார்சல் கொண்டுசேர்க்கும் நிறுவனங்கள் அல்ல. வாடிக்கையாளர் செயலியில் பணம் செலுத்துவார். நிறுவனத்தின் ஊழியர் உரிமம் பெற்ற கடையில் அவருக்காகச் சீட்டு வாங்குவார். சீட்டின் படம் வாடிக்கையாளருக்கு அனுப்பப்படும். அசல் சீட்டு நிறுவனத்தின் பாதுகாப்பில் இருக்கும். பெரிய பரிசு விழுந்தால் சீட்டை உரியவரிடம் ஒப்படைப்பார்கள். நியூ ஜெர்சி, நியூயார்க் உள்ளிட்ட மாநிலங்கள் இத்தொழிலுக்கு விதிமுறைகள் வகுத்து ஒழுங்குபடுத்தியுள்ளன. டெக்சாஸ் மாநிலமோ நெடுங்காலம் இதனைத் தடுக்கவும் இல்லை, முறைப்படுத்தவும் இல்லை.

2025 பிப்ரவரி 17 அன்று நடந்த டெக்சாஸ் மாநில லாட்டரிக் குலுக்கலில் 8.35 கோடி டாலர் முதல் பரிசு, இத்தகைய செயலி மூலம் ஆஸ்டின் நகரில் வாங்கப்பட்ட ஒரு சீட்டுக்கு விழுந்தது. ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 24 அன்று, கூரியர் சேவைகளுக்கு மாநில லாட்டரி ஆணையம் தடை அறிவித்தது. ஆளுநர் கிரெக் அபாட் காவல் விசாரணைக்கு உத்தரவிட்டார். பரிசுத் தொகை உடனே வழங்கப்படவில்லை. வாங்கிய நாளில் இல்லாத தடையைக் காட்டி, வென்ற பிறகு பரிசை எப்படி நிறுத்திவைக்க முடியும் என்று கேட்டு, வென்ற பெண்மணி 2025 மே மாதத்தில் நீதிமன்றம் செல்ல வேண்டியதாயிற்று.

அரசின் கடுமைக்கு ஒரு பின்னணி இருந்தது. 2023 ஏப்ரலில் ஒரு குழுவினர், சாத்தியமான சுமார் 2.58 கோடி எண் சேர்க்கைகளில் ஏறத்தாழ அனைத்தையும் தலா ஒரு டாலர் கொடுத்து வாங்கினர். 9.5 கோடி டாலராக அறிவிக்கப்பட்ட பரிசை 5.78 கோடி டாலர் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டனர். அத்தனை சீட்டுகளை அச்சிட்டுத் தர உதவியவற்றில் கூரியர் நிறுவனங்களோடு தொடர்புடைய கடைகளும் இருந்தது தெரியவந்தபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. முடிவில் டெக்சாஸ் சட்டமன்றம் கூரியர் சேவையைச் சட்டவிரோதமாக்கியது. லாட்டரி ஆணையத்தையும் கலைத்து, 2025 செப்டம்பர் 1 முதல் அதன் பணியை வேறொரு துறையிடம் ஒப்படைத்தது.

இவ்வழக்கில் ஒன்று குறிப்பிடத்தக்கது. சீட்டு யாருடையது என்பதில் செயலி நிறுவனத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே தகராறு எழவில்லை. கட்டணம் செலுத்திய பதிவும் சீட்டு எண்ணும் கணக்கில் இணைந்திருந்தன. வாங்கிய வழி செல்லுமா என்பதே அங்கு கேள்வி. இந்தியாவில் நிலைமை வேறு. இங்கு முதல் தகராறே சீட்டு யாருடையது என்பதில்தான் தொடங்குகிறது.

கேரளத்தின் இரண்டு படிப்பினைகள்

2021ஆம் ஆண்டில் கேரளத்தில் நடந்த இரண்டு நிகழ்வுகள் இந்தச் சிக்கலின் இரு முகங்களையும் காட்டுகின்றன.

முதல் நிகழ்வு அவ்வாண்டு மார்ச் மாதத்தில் நடந்தது. ஆலுவா அருகே சீட்டு விற்கும் பெண் ஒருவரிடம், வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் கோடைக்கால பம்பர் சீட்டு ஒன்றை எடுத்து வைக்கச் சொன்னார். விலை 200 ரூபாய். பணம் பிறகு தருவதாகப் பேச்சு. அந்தச் சீட்டுக்கே 6 கோடி ரூபாய் விழுந்தது. பணமும் வரவில்லை, சீட்டும் தன்னிடமே இருக்கிறது என்ற நிலையிலும் அந்தப் பெண் வாடிக்கையாளரின் வீடு தேடிச் சென்று சீட்டை ஒப்படைத்தார். நாடு முழுவதும் பாராட்டு குவிந்தது. அந்தப் பாராட்டே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது: அவர் ஒப்படைக்காமல் இருந்திருந்தால், வாடிக்கையாளரின் கையில் ஒரு தொலைபேசி உரையாடலைத் தவிர வேறெதுவும் இருந்திருக்காது.

இரண்டாவது நிகழ்வு அதே ஆண்டு செப்டம்பரில். செப்டம்பர் 19 அன்று குலுக்கப்பட்ட திருவோண பம்பரின் 12 கோடி ரூபாய் தனக்கே விழுந்ததாகத் துபாயில் உணவகம் ஒன்றில் பணிபுரியும் வயநாட்டுக்காரர் ஒருவர் அறிவித்தார். ஊரில் உள்ள நண்பருக்கு இணையவழியில் 300 ரூபாய் அனுப்பிச் சீட்டு வாங்கச் சொன்னதாகவும், அதன் படம் வாட்ஸ்அப்பில் வந்ததாகவும் அவர் கூறினார். தொலைக்காட்சிகள் அவரைத் தேடிச் சென்றன. ஆனால், கொச்சியை அடுத்த மரடு பகுதியைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், வெற்றி எண் கொண்ட அசல் சீட்டை அதற்குள் வங்கியில் ஒப்படைத்திருந்தார். பரிசு அவருக்கே உரியதாயிற்று. வாட்ஸ்அப்பில் வந்த படம் வெறும் படமாகவே நின்றது.

கேரள லாட்டரித் துறையைப் பொறுத்தவரை காகிதச் சீட்டே அனைத்தும். பரிசு பெறுபவர் சீட்டின் பின்புறம் பெயர், முகவரி எழுதிக் கையொப்பமிட்டு, குலுக்கல் நாளிலிருந்து 30 நாள்களுக்குள் அதை ஒப்படைக்க வேண்டும். இணையவழி விற்பனைக்கு அனுமதி இல்லை என்று அத்துறை பலமுறை எச்சரித்துள்ளது. பிற மாநிலத்தவர் கேரளத்துக்கு வந்து சீட்டு வாங்கத் தடையில்லை. பரிசு கோரும்போது கூடுதல் ஆவணங்கள் கேட்கப்படும்.

எங்கு வாங்கப்பட்டது என்பதும் தகராறுக்கு வித்திடும். 2023 ஓணம் பம்பரின் 25 கோடி ரூபாய் தமிழகத்தைச் சேர்ந்த நால்வருக்கு விழுந்தபோது, அந்தச் சீட்டு தமிழகத்தில் கள்ளத்தனமாக விற்கப்பட்டது என்று கேரள அரசிடம் புகார் அளிக்கப்பட்டது. எல்லையில் உள்ள வாளையாறு கடையில் வாங்கியதாக வென்றவர்கள் தெரிவித்தனர். கடை எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே 25 கோடி ரூபாய்க் கேள்வியாக மாறியது.

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் சட்டம்

லாட்டரியை நடத்துவதா, தடுப்பதா என்பதை இந்தியாவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே முடிவு செய்கிறது. மத்திய அரசின் 1998ஆம் ஆண்டு லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, சீட்டுகளில் மாநில அரசின் முத்திரை அச்சிடப்பட வேண்டும்; குலுக்கலை மாநில அரசே, தன் எல்லைக்குள் நடத்த வேண்டும்; குறித்த காலத்துக்குள் கோரப்படாத பரிசு மாநில அரசுக்கே சேரும். பிற மாநிலங்களின் சீட்டுகள் தன் எல்லைக்குள் விற்கப்படுவதைத் தடுக்க 5ஆம் பிரிவு மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. சட்டத்தை மீறி நடத்தப்படும் லாட்டரிக்கு முகவராகச் செயல்படுபவருக்கும் இரண்டு ஆண்டுவரை சிறை விதிக்கப்படலாம்.

தமிழகம் 1968இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது பரிசுச்சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்பது அக்காலத்தில் பட்டிதொட்டியெங்கும் ஒலித்த முழக்கம். வீட்டுக்கு விழுந்ததைவிட வீடுகள் விழுந்ததே அதிகம் என்ற குமுறல் வளர, 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. மகாராஷ்டிரமோ 1969 முதல் தன் சொந்த லாட்டரியை நடத்திவருகிறது. திருநெல்வேலியிலோ சேலத்திலோ உள்ள உறவினருக்குக் குற்றமான ஒரு செயல், மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் உள்ள தமிழருக்கு வெளிப்படையான கடையில் நடக்கும் வியாபாரம். இந்த வேறுபாடே, ‘இங்கிருந்து வாங்கி அனுப்பு’, ‘அங்கிருந்து எடுத்து வை’ என்ற வேண்டுகோள்களுக்குத் தூண்டுதலாக அமைகிறது.

அஞ்சல் வழியும் எப்போதும் திறந்திருந்ததில்லை. 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 19ஏ பிரிவு, அரசின் அனுமதி பெறாத லாட்டரிகளின் சீட்டுகளையும் விளம்பரங்களையும் அஞ்சலில் அனுப்புவதைத் தடை செய்திருந்தது. 2024இல் புதிய அஞ்சலகச் சட்டம் நடைமுறைக்கு வந்து அந்தப் பழைய சட்டம் நீங்கியது. ஆயினும், அனுமதியற்ற லாட்டரி அலுவலகம் நடத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 297ஆம் பிரிவின்கீழ் இன்றும் குற்றமே.

மும்பையின் தனிச் சிக்கல்

சீட்டை வைத்திருப்பவர் ‘இது என்னுடையது’ என்று சாதித்தால் பணம் கொடுத்தவர் என்ன செய்யலாம்?

முகவர் ஒருவர் தன்னை நியமித்தவருக்காகப் பெற்ற தொகையை அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 218ஆம் பிரிவு. அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு, பந்தய ஒப்பந்தங்கள் செல்லாது என்றும், பந்தயத்தில் வென்றதைக் கேட்டு வழக்குத் தொடர முடியாது என்றும் கூறுகிறது. அரசு அனுமதித்த லாட்டரியும் பந்தயமா? முதல் உலகப்போர்க் காலத்தில் டோராப்ஜி டாட்டா – லான்ஸ் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஆம் என்றது. அரசின் அனுமதி, நடத்துபவரைத் தண்டனையிலிருந்து காக்குமே தவிர, லாட்டரியின் பந்தயத் தன்மையை மாற்றாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 1999இல் பி.ஆர். என்டர்பிரைசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும், மாநில அரசே நடத்தினாலும் லாட்டரி சூதாட்டமே என்று கூறியது.

ஆனால், பந்தயம் ‘செல்லாதது’ என்பதும் ‘சட்டவிரோதமானது’ என்பதும் ஒன்றல்ல. 1959இல் கேருலால் பாரக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. பந்தயத்தோடு இணைந்த துணை ஒப்பந்தங்கள், அதாவது பந்தயத்துக்காகக் கூட்டுச் சேர்வது, முகவரை அமர்த்துவது போன்றவை, 30ஆம் பிரிவால் மட்டும் செல்லாதவை ஆகிவிடுவதில்லை. ஆகவே, நாட்டின் பெரும்பகுதியில் பணம் கொடுத்தவர் பரிசைப் பெற்றுக்கொண்ட முகவர்மீது உரிமையியல் வழக்குத் தொடர வழி இருக்கிறது.

மும்பையில் அந்த வழி குறுகுகிறது. 1865ஆம் ஆண்டின் பம்பாய் மூன்றாம் சட்டம், பந்தயத்துக்குத் துணைபோகும் நோக்கில் தெரிந்தே செய்துகொள்ளப்படும் ஒப்பந்தங்களையும் செல்லாதவை ஆக்குகிறது. அவற்றின்மீது பணம் கேட்டு வழக்குத் தொடரவும் தடை விதிக்கிறது. இன்றைய மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் ஒப்பந்தச் சட்டத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டிய சட்டம் இது. பஞ்சு வணிகச் சூதாட்டம் பம்பாயை உலுக்கிய காலத்தில் பிறந்த இச்சட்டம், ஒன்றரை நூற்றாண்டு கடந்து, கைப்பேசியில் சீட்டு வாங்கச் சொன்ன மாட்டுங்காவாசியின் வாதத்துக்கும் குறுக்கே நிற்க முடியும்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. மாநில லாட்டரி இன்று நாடாளுமன்றச் சட்டத்தின்கீழ் நடப்பது. அரசு அதில் வரி வசூலிக்கிறது. 2006இல் சன்ரைஸ் அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு, லாட்டரிச் சீட்டு என்பது பரிசைக் கோரும் நிபந்தனைக்குட்பட்ட உரிமை, அதாவது வழக்காடக்கூடிய ஓர் உரிமை, என்று வரையறுத்தது. 2020இல் ஸ்கில் லாட்டோ வழக்கில், அந்த உரிமையின்மீது சரக்கு மற்றும் சேவை வரி விதிப்பது செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி 40 சதவீதம். வரி வசூலிக்கும்போது உரிமை, பரிசு கேட்கும்போது வெறும் பந்தயம் என்று கூறுவது முரணாகாதா என்ற கேள்வியை வழக்கறிஞர் எழுப்பலாம்.

ஒப்பந்த வழி அடைபட்டாலும் குற்றவியல் வழி அடைபடுவதில்லை. பிறர் பொருளை நம்பிக்கையின்பேரில் பெற்றுத் தனதாக்கிக்கொள்வது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவின்கீழ் நம்பிக்கை மோசடிக் குற்றம். அதற்கும் ஒன்றை நிரூபித்தாக வேண்டும்: சீட்டு உண்மையில் புகார்தாரருக்காகவே வாங்கப்பட்டது என்பதை. பணம் அனுப்பிய பதிவில் தொகை இருக்கும், நாளும் நேரமும் இருக்கும். சீட்டு எண் இருக்காது. விற்பனையாளர் ஒரே நாளில் பத்துச் சீட்டு வாங்கி, பத்துப் பேருக்கு ஒரே படத்தை அனுப்பியிருந்தால், எந்தச் சீட்டு யாருடையது?

வெளிநாட்டுச் சீட்டு: வாசலிலேயே தடை

அமெரிக்க லாட்டரிச் சீட்டுகளை உலகின் எந்த மூலையிலிருந்தும் வாங்கலாம் என்று விளம்பரம் செய்யும் இணையதளங்கள் உள்ளன. அவை காட்டும் வெற்றிக் கதைகள் முற்றிலும் பொய்யல்ல. 2015 ஆகஸ்டில் பாக்தாத்தில் வசித்த ஒருவர், இத்தகைய தளம் வழியே வாங்கிய சீட்டுக்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநில லாட்டரியில் 64 லட்சம் டாலர் வென்றார். சீட்டு ஓரிகன் எல்லைக்குள்தான் வாங்கப்பட்டது, வென்றவர் அம்மாநிலத்தில் வசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று கண்டு, அம்மாநிலம் பரிசை வழங்கியது.

அந்தக் கதையை அப்படியே மும்பைக்குப் பொருத்த முடியாது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்கீழ் 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட நடப்புக் கணக்கு விதிகளின் முதல் அட்டவணை, லாட்டரிச் சீட்டு வாங்குவதற்காக இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதை முற்றிலும் தடை செய்கிறது. சீட்டு விற்கப்படும் நாட்டில் அது செல்லுபடியாகலாம். இங்கிருந்து பணம் அனுப்பிய செயல் விதிமீறலாகவே இருக்கும். பரிசு விழுந்தால் அந்தத் தொகையை எந்தக் கணக்கில், என்ன விளக்கம் கூறிப் பெறுவது என்பது அடுத்த சிக்கல். போதாததற்கு, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியுள்ளது.

சில தளங்கள் சீட்டே வாங்குவதில்லை. குலுக்கல் முடிவின்மீது பந்தயம் மட்டும் ஏற்கின்றன. வென்றவர் அங்கு மாநில லாட்டரியிடம் எதையும் கோர முடியாது. தொலைதூர நாட்டில் பதிவான ஒரு நிறுவனத்தின் வாக்குறுதி மட்டுமே அவர் கையில் இருக்கும்.

செய்யக்கூடியவை

டெக்சாஸும் கேரளமும் ஒரே பாடத்தை வெவ்வேறு வழியில் கற்பிக்கின்றன. சீட்டை வாங்குபவரும் வைத்திருப்பவரும் வேறாகும்போது, இடைவெளியை நிரப்புவது பதிவாக இருக்க வேண்டும். நம்பிக்கை மட்டுமாக இருந்தால் போதாது. டெக்சாஸில் பதிவு இருந்தது, சட்டம் இல்லை. இறுதியில் தடை வந்தது. கேரளத்தில் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்கு வெளியே வாட்ஸ்அப்பில் நடக்கும் வியாபாரத்துக்குப் பதிவு இல்லை.

அரசுகளுக்கு முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பிறருக்காகச் சீட்டை வைத்திருப்பதை விற்பனையாளர் உரிம விதிகளில் வெளிப்படையாகத் தடை செய்து, மீறுபவரின் உரிமத்தை நீக்குவது. மற்றொன்று, அதை அனுமதித்து, குலுக்கலுக்கு முன்பே சீட்டு எண்ணோடு வாங்குபவரின் பெயரைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்குவது. இரண்டும் இல்லாத இன்றைய நிலையில், ஏமாற்றப்பட்டவர் புகார் அளிக்கவே தயங்குவார். தான் செய்ததும் விதிமீறலோ என்ற அச்சம் அவர் வாயை அடைத்துவிடும். ஏமாற்றுபவருக்கு அந்த அச்சமே முதல் பாதுகாப்பு.

சீட்டு வாங்கியே தீருவது என்றிருப்பவர், அனுமதி உள்ள மாநிலத்தில், உரிமம் பெற்ற கடையில், நேரில் வாங்கி, குலுக்கலுக்கு முன்பே பின்புறத்தில் பெயர் எழுதிக் கையொப்பமிடுவதே பாதுகாப்பு. பலர் சேர்ந்து வாங்கினால், யார் எவ்வளவு கொடுத்தார் என்பதைச் சீட்டு எண்ணோடு எழுதி, அனைவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்வது பின்னாளில் உறவையும் நட்பையும் காக்கும். வென்ற தொகையில் 30 சதவீத வருமான வரியும் அதன்மீதான கூடுதல் வரிகளும் கழிக்கப்படும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆலுவாவில் அந்தப் பெண் வீடு தேடி வந்து சீட்டைக் கொடுத்தார் என்பதற்காக, எல்லோரும் அப்படிக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்து 500 ரூபாயை அனுப்ப முடியாது. குலுக்கலில் அதிர்ஷ்டம் ஒருமுறை துணை நின்றால் போதும். சீட்டு பிறர் கையில் இருக்கும்போது, அது இரண்டாம் முறையும் துணை நிற்க வேண்டியிருக்கிறது.